கேரிக்கும் கேனரிக்கும் நடுவே ஒரு 'ன'

நவம்பர் 3, திங்கள்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு மேல் வழக்கமான இடி, மழை. கிள்ளானில் ரயில் ஏறியதும் உட்கார இடம் கிடைத்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை: பூச்சோங் கல்யாண அட்டை ப்ரூஃப். முடி. பிரஷர் மாத்திரை. க.வுக்கு முருங்கைக்கீரை.
செய்தது: முடி.

(க. என்றால் கமலா. இருபத்தொன்பது வருட மனைவி. பெயரை முழுதாக எழுதினால் எங்கிருந்தாலும் "கூப்பிட்டீங்களா" என்று வந்து நிற்பாள்.)

பூச்சோங்காரர் போன் செய்தார். எல்லாம் ஓகே, அடித்துவிடுங்கள் என்றார். முடியாது என்றேன். என் அச்சுக்கடைச் சட்டம்: போனில் சொன்ன 'சரி' செல்லாது. நேரில் வந்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து, ப்ரூஃபின் அடியில் பென்சிலால் 'சரி, அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'மணமக்களை வீழ்த்த அனைவரும் வருக' என்று நானூறு அட்டை ஊர் முழுக்கப் போன பிறகு வந்த சட்டம். 'வாழ்த்த' என்பதில் ஒரு கால் போய் ஒரு சுழி வந்துவிட்டது. அந்தத் தம்பதி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். மாமியார்தான் என்னோடு பேசுவதில்லை.

பிறகு பாண்டி கடையில் முடி. பாண்டி பரமக்குடிக்காரர், வேலை பெர்மிட்டில் வந்தவர், பிரிக்பீல்ட்ஸில் என் தலையின் வரைபடம் அவருக்கு மட்டுமே தெரியும். இடது காதில் சோப்பு நுரை, வலது காதுப் பக்கம் மெஷின், எதிரே டிவியில் யாரோ அழுகை. அந்த நேரம் பார்த்து மகள் தர்ஷினி போன். என் கை போர்வைக்குள். பாண்டி ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டார்.

கேரி ஐலண்டில் வேலை கிடைத்திருக்கிறதாம். மண் ஆராய்ச்சிதான், இரண்டு வருடம், போகட்டுமா என்று கேட்டாள். குரல் ஒரு மாதிரி.

"போம்மா. இதுல என்ன கேள்வி? சனி ஞாயிறு வீட்டுக்கு வந்துடு" என்றேன்.

முதலில் சிரித்தாள். பிறகு "தேங்க்ஸ்பா" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கேரித் தீவுக்குப் போக எதற்கு அழுகை? கிள்ளானிலிருந்து முக்கால் மணி நேரம். க. பிறந்த செம்பனை எண்ணெய் எஸ்டேட். மச்சினன் சேகர் இன்னும் அங்கேதான் டிராக்டர் ஓட்டுகிறான். இப்போது ஷா ஆலமில் ஆய்வுக்கூடத்து வேலை, வாடகை அறை, மாகி மீ. அதைவிட இது எவ்வளவோ மேல். மாமன் வீட்டுச் சோறு.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதற்கு அழும் எதற்குச் சிரிக்கும், ஒன்றும் விளங்கவில்லை.

கீரை மறந்தது. க. திட்டவில்லை. அதுவும் விளங்கவில்லை.


நவம்பர் 4, செவ்வாய்

மேகமூட்டம். காலை உணவுக்குப் பாயசம். செவ்வாய்க்கிழமை. யாருக்கும் பிறந்தநாள் இல்லை. இரண்டு முறை காலண்டரைப் பார்த்தேன்.

க. என் தட்டில் நெய்யை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க இப்படி மாறுவீங்கன்னு நான் நினைக்கவே இல்லீங்க."

எப்படி மாறினேன் என்று கேட்கலாம். கேட்டால் நெய் நின்றுவிடும். தலையை மட்டும் ஆட்டினேன்.

சேகருக்குப் போன். தர்ஷினி உங்கள் ஊருக்கு வேலைக்கு வருகிறாள், பின்னறையை ஒழித்து வை என்றேன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "பெயின்ட் அடிச்சிடுறேன் மச்சான், மெத்தை புதுசா வாங்கிடுறேன், நீங்க கவலையே படாதீங்க லா" என்றான். எத்தனை நாள் தங்குவாள் என்று கேட்டான். இரண்டு வருடம். "ஓ" என்று இழுத்தான். கண் கலங்கியிருப்பான், அல்லது மெத்தை விலையை யோசித்திருப்பான்.

பக்கத்துப் பூக்கடை மணியம் அண்ணனிடமும் பீற்றிக்கொண்டேன். பொண்ணு தீவுக்குப் போறா, கேட்டவுடனே சரின்னுட்டேன் என்று. அண்ணன் நம்பவில்லை. நான்கு வருடத்துக்கு முன் நியூசிலாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தபோது நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கதை அவருக்குத் தெரியும். (வாயு. டாக்டர் எழுதியே கொடுத்தார். தர்ஷினி அந்தச் சீட்டைப் படித்தாள். ஆனாலும் போகவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. நேற்றுவரை.)

மாலையில் க. கேட்டது: "குளிருக்குத் துணி எங்கங்க வாங்கலாம்?"

எதற்கு?

"தீவுக்குத்தான்."

கேரித் தீவில் குளிர் வேண்டுமென்றால் ஐஸ் பெட்டிக்குள்தான் உட்கார வேண்டும். அங்கே பிறந்து பதினெட்டு வயதுவரை இருந்தவளுக்கு இது தெரியாதா? தலையில் ஏதோ ஆகிவிட்டது. அன்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.


நவம்பர் 5, புதன்

மழை. எவ்வளவு மழை என்று கவனிக்கவில்லை.

தோசை. மேஜையில் தர்ஷினியின் பழைய ஸ்கூல் அட்லஸ். க. அதன்மேல் தீக்குச்சியை வைத்து அளந்துகொண்டிருந்தாள். மலேசியாவிலிருந்து பதினொரு குச்சி. கடைசிக் குச்சி ஆப்பிரிக்காவைத் தாண்டிக் கடலுக்குள் விழுந்தது.

"பாருங்க, புள்ளி புள்ளியா ஏழு தீவு. ஸ்பெயின்காரனோடதாம். எல்லாமே எரிமலையாம். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். கேனரி.

கே. ன. ரி.

தண்ணீர் குடித்தேன். "தெரியும், தெரியும்" என்றேன்.

அவள் பேசிக்கொண்டே போனாள். நியூசிலாந்துக்கு விடாத மனுஷன், இத்தனை தூரத்துக்கு ஒரே வார்த்தையில் சரி என்று சொல்லிவிட்டாரே என்று அக்காமார் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டதாம். தர்ஷினி திங்கள் முழுக்க அழுதாளாம், சந்தோஷத்தில். அடுத்த திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம்.

ஆக நிலவரம் இது. இருபத்தாறு வருடம் அடுத்தவன் எழுத்துப் பிழையைப் பார்த்துச் சோறு தின்றவன். சொந்த மகள் வாயிலிருந்து வந்த வார்த்தையில் ஒரு 'ன' விழுந்ததைப் பார்க்கவில்லை. போனில் சொன்ன சரி செல்லாது என்று காலையில் ஊருக்கு உபதேசம், மதியம் போனில் சரி. கேனரியில் இருக்கும் கேனயன் நான்தான்.

உண்மையைச் சொன்னால்: மகள் முகம். நெய். மூன்று அக்காமார்.
சொல்லாவிட்டால்: பதினொரு குச்சி.

சனி ஞாயிறு வந்துவிடு என்று வேறு சொல்லியிருக்கிறேன். எல்லோரும் ஜோக் என்று நினைத்திருக்கிறார்கள். எப்போதும் தமாஷ் பேசுகிறவனுக்கு இதுதான் கஷ்டம். முட்டாளாக இருக்கும்போதுகூட யாருக்கும் தெரிவதில்லை.


நவம்பர் 6, வியாழன்

வெயில் என்று நினைக்கிறேன். கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்க.

எரிமலைத் தீவு என்றால் என் மனதில் ஒரே படம்: மேலே நெருப்பு, கீழே ஓடுகிற ஜனங்கள். அப்படி இல்லை. ஏழு தீவும் ஏழு மாதிரி. கீழே இருந்து கக்கியது ஒரே கடல்தான், பிள்ளைகளுக்குள் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. எங்கள் குடும்பம் போல.

குறிப்பு:

லான்சரோட்டே. கறுப்பு. தார் ரோடு போட வந்தவன் தீவு முழுக்கக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. சாம்பலில் குழி தோண்டி, குழிக்கு ஒரு திராட்சைக் கொடி, காற்றுக்கு மறைவாகப் பிறை வடிவில் கல் அடுக்கியிருக்கிறார்கள். தரைச் சூட்டிலேயே கோழி வாட்டுகிறார்களாம். கேஸ் மிச்சம். மழை கிடையாது.

ஃபுவெர்த்தெவெந்துரா. (பெயரை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். இந்தப் பெயரில் யாரும் கல்யாண அட்டை அடிக்க வராமல் இருக்க வேண்டும்.) மணல், காற்று, ஆடு.

கிரான் கனாரியா. தெற்கே பாலைவனம், வடக்கே பச்சை, நடுவே மலை. எதையும் முடிவு பண்ண முடியாத தீவு. எனக்குப் பிடித்திருக்கிறது.

தெனெரீஃப். பெரிய மலை, உச்சியில் பனி. மேகம் மலைக்குக் கீழே இருக்கிறது. கேமரன் மலைக்கு இரண்டு மடங்கு உயரம் இருக்கலாம், ஸ்ட்ராபெரி கடை இல்லை.

லா கோமேரா. மேகத்துக்குள் காடு, மரமெல்லாம் பாசி. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு விசில் அடித்தே பேசிக்கொள்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் இதை முயற்சி செய்யக் கூடாது.

எல் ஹியேரோ. சின்னது. காற்றில் மரங்கள் தலையைத் தரையில் வைத்துக் கிடக்கின்றன. மாமியார் காலில் விழுந்த மாதிரி.

லா பால்மா. வாழைத் தோட்டம், பைன் காடு, பெரிய பள்ளம். சில வருடத்துக்கு முன்தான் வெடித்தது. வீடு, ரோடு, வாழை எல்லாவற்றின் மேலும் லாவா வந்து உட்கார்ந்துவிட்டது.

இதில் அவள் போவது எது? தெரியாது. தெரிந்தவனைப் போல நடிக்கிறவன் கேட்கவும் முடியாது. தர்ஷினிக்குப் போன் போட்டு, எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று சுற்றி வளைத்தேன்.

"லா பால்மாதான்பா."

பால் மாவா என்று கேட்டேன். மறுமுனையில் சிரிப்பு. பிறகு, நாம் மலேசியாக்காரர்கள் பேச்சில் லாவைக் கடைசியில் போடுகிறோம், அவர்கள் முதலிலேயே போட்டுவிடுகிறார்கள் என்றேன். அதற்கும் சிரித்தாள். வாழைத் தோட்டமாக இருக்கும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இல்லையாம், லாவா மேலேயாம்.

வெடித்த இடத்திலேயே. என் மகள்.

பெயர் கேனரிக் குருவியால் வந்தது என்று நினைத்தேன். இல்லை, நாயால் வந்தது என்கிறார்கள். எதுவுமே நினைத்த மாதிரி இல்லை.


நவம்பர் 7, வெள்ளி

பாண்டி கடைக்கு மறுபடி. வெட்ட ஒன்றும் இல்லை. சாட்சி விசாரணைக்கு. அவர் காதுப் பக்கம் சும்மா கத்தரிக்கோலைத் தட்டிக்கொண்டிருந்தார், மரியாதைக்கு.

திங்கட்கிழமை மகள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கேனரின்னுதானே சொன்னாங்க. நீங்க சனி ஞாயிறு வான்னதும் நான் சிரிச்சுட்டேன் அண்ணே. அன்னைக்கே மெஷின் கை தவறி இருக்கும்."

ரெண்டு வருஷம்தான் என்றேன், அவருக்கா எனக்கா என்று தெரியாமல்.

பாண்டி கத்தரிக்கோலை வைத்துவிட்டார். "ரெண்டு வருஷம்னுதான் நானும் வந்தேன். ஒன்பது ஆச்சு. எம் பொண்ணுகிட்ட அப்பா எங்கன்னு கேட்டா போனைக் காட்டும்."

பிறகு, அது பழைய கதை, இப்போது பெரிய பெண், கணக்கில் முதல் மார்க் என்று அவரே பேச்சை மாற்றினார். எனக்கு மாறவில்லை.

'வேண்டாம்' சொல்லும் வழிகள்:
நெஞ்சு வலி. பயன்படுத்தியாகிவிட்டது.
ஜாதகம். நம்பிக்கை இல்லாதவன் என்று ஊருக்கே மைக்கில் சொல்லியிருக்கிறேன்.
மாப்பிள்ளை. இருந்தால் சொல்லலாம்.
எரிமலை. இது நிஜமான காரணம். ஆனால் நான் சொன்னால் இதற்கும் சிரிப்பார்கள்.

அப்புறம் இன்னொரு குழப்பம். உண்மையில் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா? பூச்சோங்காரர் ப்ரூஃபை மூன்று முறை படித்தும் மணமகன் பெயர் மனதில் நிற்கவில்லை. அங்கே இப்போது மணி என்ன என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எட்டு மணி நேரம் பின்னால். நான் மதியம் சாப்பிடும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். இன்னும் போகவே இல்லை.


நவம்பர் 8, சனி

தர்ஷினி வந்தாள். மழை அவளுக்குப் பின்னாலேயே வந்தது. சேகர் படம் அனுப்பினான்: அறை, ரோஸ் கலர். கீழே, 'ரெடி மச்சான்'. உடனே அழித்தேன். சேகரை மறந்தே போய்விட்டேன்.

மாலையில் அவள் லேப்டாப்பில் படம் காட்டினாள். கறுப்புக் கல் கடல்போல. நடுவில் ஒரு புகைபோக்கி, வீட்டின் மிச்சம். நான் நெஞ்சு வலியைத் தயாராக வைத்திருந்தேன். அடுத்த படத்தில் கல் இடுக்கில் விரல் நகம் அளவு பச்சை.

இதைத்தான் பார்க்கப் போகிறாளாம். கல் எப்படி மண்ணாகிறது, முதலில் எது வருகிறது, பாசியா செடியா, எங்கே சீக்கிரம், எங்கே மெதுவாக. ஒரே தீவில் ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கரி. எரிந்துபோன பைன் மரம் அடிமரத்திலிருந்து திரும்பத் துளிர்க்குமாம். சொல்லும்போது திரையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். சின்ன வயதில் வீட்டுப் பின்னால் மண்ணைத் தின்றபோது இருந்த அதே முகம்.

வலி வரவில்லை. மறந்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் க. அறிவித்தாள்: நாளைக்குச் சேகர் வீட்டில் நண்டு. போவதற்கு முன் மாமனைப் பார்க்க வேண்டாமா?

கழிவறைக்குள் போய்ச் சேகருக்கு ஏழு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. நண்டு பிடிக்கப் போயிருப்பான்.


நவம்பர் 9, ஞாயிறு

நல்ல வெயில். ஒரு மேகம் இல்லை. நான்தான் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

கேரித் தீவின் மிக உயரமான சிகரம் உள்ளே போகும் பாலம்தான். அதன் உச்சியிலிருந்து எல்லா நிலக்காட்சியும் தெரியும்: செம்பனை, செம்பனை, அதற்குப் பின்னால் செம்பனை. கார் ஓட்டியது தர்ஷினி. இப்படி ஒரு தீவில் எதுவும் வெடிக்காது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

வாசலிலேயே சேகர். கையில் சாவி, அதில் ரிப்பன்.

"வாம்மா, உன் ரூமைப் பாரு. ஃபேன் புதுசு, மெத்தை புதுசு, கொசுவலை உங்க அத்தை தைச்சது. ரெண்டு வருஷம் இருக்கப்போற பிள்ளை."

"என் ரூமா மாமா?"

"திங்கக்கிழமையே வேலை கிடைச்சிடுச்சாமே. அப்பாதான் செவ்வாக்கிழமை போன் பண்ணி ரூமை ஒழிக்கச் சொன்னாரு."

க. என்னைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, இருபத்தொன்பது வருட அனுபவத்திலும் சொல்ல முடியவில்லை.

தர்ஷினி சாவியை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கொஞ்சம் பொறுத்து நானும். மெத்தையில் உட்கார்ந்திருந்தாள், பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. உட்கார்ந்தேன். சரசரத்தது.

"கேரின்னு நினைச்சுத்தான் சரின்னீங்களா?"

கையில் மூன்று ஜோக் இருந்தது. மூன்றையும் விட்டுவிட்டேன். "காதுல நுரைம்மா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "சனி ஞாயிறு வந்துடுன்னீங்களே, அப்பவே லேசா தோணுச்சு. கேட்டா மாத்திடுவீங்கன்னு கேக்கல. அம்மாகிட்டயும் சொல்லல. ஒரு வாரமா சோறே இறங்கல."

ஆக, ஒரு வாரமாக நான் இவளுக்குப் பயந்து, இவள் எனக்குப் பயந்து, நடுவில் ஒருவன் சுவருக்கு ரோஸ் அடித்திருக்கிறான்.

பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். நான்கு பக்கம். அதன்மேல் ஒரு பென்சிலை வைத்தாள்.

"போன்ல சொன்ன சரி செல்லாது. உங்க சட்டம்தானே. வேணாம்னு எழுதினாலும் பரவால்லப்பா, அப்புறம் நான் பாத்துக்கறேன். ஆனா தெரிஞ்சு எழுதுங்க."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். ஆங்கிலம். எழுத்தெழுத்தாக, விரல் வைத்து. கேனரி என்று வந்த இடத்தில் நிறுத்தினேன். ஆங்கில 'ன' இருந்தது. எட்டு இடத்தில் வருகிறது, எட்டிலும் இருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன். சேகர் கதவு வழியாக எட்டிப் பார்த்து, நண்டு ஆறுகிறது என்றான். க. அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ இருக்கப்போறது மேற்குப் பக்கமா, கிழக்குப் பக்கமா?"

"என்னதுப்பா?"

"லா பால்மால. கிழக்குன்னா மேகம் வந்து முட்டும், குடை வேணும். மேற்குல வெயில். மலை உச்சிக்குப் போனா பனி. ஒரே பெட்டியில மூணுக்கும் துணி எப்படி வைப்ப?"

அவள் என்னையே பார்த்தாள். "மேற்கு" என்றாள், ரொம்ப மெதுவாக. "லாவா மேற்குலதான்."

அப்போது குடை வேண்டாம். தொப்பி போதும்.

கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலை வைத்தேன். இத்தனை வருடம் அடுத்தவர்களை எழுத வைத்த வரி. நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அவளிடம் கொடுத்தேன்.

அவள் படித்தாள். திரும்பவும் படித்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பா, 'சரி, அச்சிலாம்'னு எழுதியிருக்கீங்க. 'ட' விழுந்துடுச்சு."

பென்சிலை என் கையிலிருந்து வாங்கி அவளே சேர்த்தாள்.